எபோசிக்குக் கிடைத்த மன்னிப்பு

பூயா நகரத்தில் மொலிக்கோ பக்கம் எபோசியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேரைக் கேட்டால், ஒரு மீனவனைக் கடலுக்குக் காவு கொடுத்தவள் என்பார்கள். மீதிப் பேர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அவள் கடந்து போகும்போது பேச்சை நிறுத்திக்கொண்டு, போனபின் தொடர்வார்கள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. அவளும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். அவள் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் போய்விட்டார். அம்மா வீட்டு வாசலில் அடுப்பு போட்டு, பஃப்-பஃப் என்கிற பொரித்த மாவு உருண்டையும் அவித்த பீன்ஸும் விற்றாள். அந்த வருமானத்தில்தான் எபோசி பூயா பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்தாள். அங்கே கிடைத்த சிநேகிதன் லியோங்கா. அவனிடம் மாமா வாங்கிக் கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. எபோசியிடம் கணினி இல்லை; ஆனால் அவன் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் நாலு பக்கம் தாண்டிப் போகிற மூளை இருந்தது. இரண்டும் சேர்ந்து அவள் வீட்டு வாசலில், எண்ணெய்ப் புகைக்கு நடுவே, புதிதாக ஒரு கணினி மொழி கற்றுக்கொள்ள ஆரம்பித்தன.

அந்த மொழியில் ஒரு விசித்திரம் உண்டு. அதை முதலில் பிடித்தவள் எபோசி.

"எல்லா எண்களையும் ஒரே வரியில எழுதப்போறேன்," என்றாள் ஒரு நாள்.

"எது வரைக்கும்?"

"வரைக்கும்னு ஒண்ணும் கிடையாது. முடிவே இல்லாம."

"ஏய், ஏய், கையை எடு! மெஷின் வெடிச்சுப் போயிடும். எங்க மாமாவுக்கு யாரு பதில் சொல்றது?"

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் தட்டிவிட்டாள். லியோங்கா கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. கணினி பூனை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"எங்க உன் எண்கள்?"

"இன்னும் ஒண்ணுகூடப் பிறக்கல. யாராவது கேட்டாத்தான் பிறக்கும். நீ அஞ்சு கேளு."

அவன் ஐந்து கேட்டான். ஐந்து வந்தது. இன்னும் பத்து கேட்டான். பத்து வந்தது. அவன் வாய் பிளந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுப்பருகே இருந்த அம்மாவைக் காட்டினாள்.

"ஈயாவைப் பாரேன். வாளி நிறைய மாவு இருக்கு. ஆள் வந்து 'அஞ்சு குடுங்க'ன்னு சொன்னப்புறம்தான் அஞ்சு உருண்டை எண்ணெயில விழும். இதுவும் அப்படித்தான்."

அடுப்பருகே இருந்து அம்மா கரண்டியைத் தூக்கினாள். "என்னடி அங்க? என்னைச் சோம்பேறிங்கறியா?"

"அய்யோ, இல்ல ஈயா, மெஷினைச் சொல்றா," என்றான் லியோங்கா. "உங்களைச் சோம்பேறின்னு சொன்னா நாக்கு அழுகிடாது?"

"இவன் ஒருத்தன்தான் இந்த வீட்ல மரியாதை தெரிஞ்சவன்," என்று அம்மா அவன் தட்டில் இரண்டு உருண்டைகளைக் கூடுதலாகப் போட்டாள்.

அவன் அவளை ஈயா என்றே கூப்பிட்டான். பெற்ற தாயைக் கூப்பிடுகிற சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏருக் கீரை சமைத்தால் அவனுக்கென்று ஒரு பங்கு மூடி வைத்திருப்பாள். எபோசிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை. அந்த இடத்தில் அவன் வந்து உட்கார்ந்துகொண்டதை யாரும் தனியாகக் கவனிக்கக்கூட இல்லை.

படிப்பு முடிந்ததும் இருவரும் ஒரு ரொட்டிக்கடை மாடியில் அறை பிடித்து மென்பொருள் தொழில் தொடங்கினார்கள். லியோங்காவுக்குப் பேச்சு வரும். சட்டையை மடித்து விட்டுக்கொண்டு எந்த அலுவலகத்துக்குள்ளும் நுழைந்துவிடுவான். எபோசி எழுதுவாள். அவள் எழுதியதை அவன் பார்ப்பான், அவன் எழுதியதை அவள் பார்ப்பாள். கணக்கு அவ்வளவுதான். எழுதியதை யார் எப்போது திருத்தினார்கள் என்று பதிவு வைக்கிற பழக்கமெல்லாம் அப்போது அவர்களுக்கு இல்லை. ஒரே கணினி, இரண்டு பேர், ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை.

லிம்பே கரையோர மீனவர் சங்கத்தின் வேலை வந்தபோது இருவரும் மாடியில் ஆட்டம் போட்டார்கள். கடல் கெடப் போகிறதென்று வானிலை நிலையத்திலிருந்து தகவல் வந்தால், எந்தெந்தக் கரையில் யார் யார் படகு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொருவர் போனுக்கும் எச்சரிக்கை போகவேண்டும். அனுப்புகிற பகுதியை எபோசி எழுதினாள். அந்தச் சோம்பேறி வரிசையாகத்தான் எழுதினாள்: இவருக்கு அனுப்பு, அடுத்தவருக்கு அனுப்பு, அதற்கடுத்தவருக்கு. கேட்டால்தான் நடக்கும் என்பதால், கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். அது ஒவ்வொரு பெயராகக் கேட்டு, 'போய்ச் சேர்ந்தது' என்று திரையில் எழுதிக்கொண்டு வரும். பார்க்கிறவர்களுக்கு அது சும்மா ஓடுகிற எழுத்து. உள்ளே அந்த வரிதான் ஒவ்வொரு செய்தியையும் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டது.

இவ்வளவு முக்கியமான காரியத்தை ஒரு காட்சி வரியின் தலையில் கட்டியிருக்கக்கூடாது என்று அவளுக்கே ஓர் உறுத்தல் இருந்தது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றிருந்தாள். அதற்குள் முதல் எச்சரிக்கை வந்து, எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்து, படகுகள் கரையிலேயே நின்றன. சங்கத் தலைவர் பா எவாக்கிசே நேரில் வந்து இருவர் கையையும் குலுக்கிவிட்டு, புகையிட்ட மீன் ஒரு கூடை கொடுத்துப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து, மாநில அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். லியோங்காதான் காட்டினான். எபோசிக்கு அன்று வயிற்றுவலி, போகவில்லை. அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் கடல் தொட்டில் மாதிரி கிடந்தது. எச்சரிக்கைக்கு அவசியமே வரவில்லை. அந்த நாட்களில் அவளுக்கு மலேரியா. காய்ச்சலோடு மாடிக்கு வந்து, எழுதியதையெல்லாம் ஒழுங்குபடுத்தினாள். பெயர்களை மாற்றினாள், வேண்டாததை அழித்தாள். எதை அழித்தாள், எதை வைத்தாள் என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

ஆகஸ்ட் மழையில் ஒரு காலை. வானிலை நிலையத்திலிருந்து தகவல் வந்தது. லியோங்கா தட்டினான். கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. எந்த மீனவன் போனும் அடிக்கவில்லை.

வோவியா கரையில் மொசோக்கே என்பவனும் அவன் தம்பியும் படகைத் தள்ளினார்கள். வானம் சரியில்லை என்று பக்கத்துப் படகுக்காரர் சொன்னாராம். "போன் ஒண்ணும் சொல்லலையே," என்றானாம் மொசோக்கே. தம்பி காலியான எண்ணெய் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிழைத்தான். மொசோக்கேயைக் கடல் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, பட்டோக்கே பக்கம் கொண்டுவந்து போட்டது.

செய்தி வந்த அன்று லியோங்கா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். எபோசி ஓடிவந்தபோது அவன் திரும்பவில்லை.

"அந்த வரி இல்ல, எபோசி."

"எந்த வரி?"

"கடைசி வரி. திரையில எழுதுறது. நீ காய்ச்சலோட துடைச்சேல்ல, அப்ப போயிருக்கும்."

அவள் குனிந்து பார்த்தாள். வரி இல்லை. அதற்கு மேலே, அவள் எழுதிய வரிசை அப்படியே, ஒழுங்காக, யாரும் கேட்காததால் ஒன்றும் செய்யாமல் கிடந்தது.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். மழை தகரத்தில் அறைந்துகொண்டிருந்தது. "அனுப்புற பகுதியை எழுதினது யாரு?" என்று பா எவாக்கிசே கேட்டார். லியோங்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "எபோசிதான் எழுதினா, பா," என்றான். அதில் பொய் இல்லை. எபோசி எழுந்து நின்று, "நான்தான்," என்றாள். பின்வரிசையிலிருந்து ஒருவன் எச்சில் துப்பினான்.

துக்கத்துக்கும் போனாள். மொசோக்கேயின் மனைவி என்ஜேமா கறுப்புக் கபா அங்கி உடுத்தி, பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். எபோசி குனிந்து, "அஷியா, மா," என்றாள். ஊரில் ஆறுதலுக்கு இருக்கிற ஒரே சொல் அது.

"நீயா?" என்றாள் என்ஜேமா. "எங்க மாமனார் வானத்தைப் பாத்துப் போனாரு, திரும்பி வந்தாரு. இவன் உன் போனைப் பாத்துப் போனான். உக்காராதே. போ."

அன்று மாலை ரொட்டிக்கடை மாடியில் எபோசி லியோங்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள். சங்கம் வேலையைப் பிடுங்கிக்கொண்டது, தொழில் போயிற்று, அவன் பெயரும் கெட்டது. "ஒரு மனுஷனையும் கொன்னேன், உன் பிழைப்பையும் கெடுத்தேன். என்னை மன்னிச்சிடு, லியோங்கா."

அவன் கணினியை மூடி வைத்தான். பிறகு அவள் தோளில் கைவைத்து, "மன்னிச்சுட்டேன், விடு," என்றான்.

பின்னாளில் அவளை உயிரோடு வைத்திருந்தது அந்தச் சொல்தான். ஊர் மன்னிக்கவில்லை, என்ஜேமா மன்னிக்கவில்லை, அவள் தன்னையே மன்னிக்கவில்லை. லியோங்கா மன்னித்திருந்தான். அவன் டுவாலா நகரத்துக்குப் போய்ப் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தான். கடிதம் இல்லை, போன் இல்லை. அம்மா இறந்தபோதும் வரவில்லை. என்னைப் பார்த்தால் அவனுக்கு அதெல்லாம் நினைவுக்கு வரும், பாவம், என்று எபோசி நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு யாரும் வேலை தரவில்லை. கொஞ்ச காலம் சாலையோரத்தில் குடை விரித்து, போன் ரீசார்ஜ் விற்றாள். பிறகு முயாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஆனாள். கணினியைத் தொடவே இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை, மொசோக்கேயின் நினைவுநாளில், வோவியாவுக்குப் போவாள். முதலில் தெருமுனையோடு நின்றாள். ஒரு வருஷம் என்ஜேமா, "மழையில ஏன் நிக்கிற, உள்ள வா," என்றாள். அடுத்த வருஷம் மீன் புகையிடும் கொட்டகையில் ஒரு முக்காலி கிடைத்தது. இருவரும் அதிகம் பேசியதில்லை. போங்கா மீனைத் திருப்பிப் போடுகிற வேலையை எபோசியிடம் கொடுப்பாள். அவ்வளவுதான்.

போன வருஷம் பல்கலைக்கழக அரங்கில் இளம் நிரலாளர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. தலைமையாசிரியை எபோசியைப் பிடித்துக்கொண்டார். "பெரிய வகுப்புப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க மேடம், உலகம் தெரியட்டும்." மறுக்க முடியவில்லை. போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தபின்தான் மேடைப் பதாகையில் லியோங்காவின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தான். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கூட்டம் முடிந்ததும் போய்ப் பேசலாமா, அவனுக்குச் சங்கடமாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவன் அந்த மொழியைப் பற்றித்தான் பேசினான். முடிவே இல்லாத எண்களை எழுதிக் காட்டி, "பயப்படாதீங்க, மெஷின் வெடிக்காது," என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். எபோசியும் சிரித்தாள்.

"ஆனா இந்தச் சோம்பேறி கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்," என்றான். "எனக்கு நடந்த கதை ஒண்ணு சொல்றேன். அப்ப சின்னப் பையன். ஒரு சங்கத்துக்கு, எல்லாருக்கும் செய்தி அனுப்புற மென்பொருள். அதிகாரிங்க பாக்க வர்றாங்க. திரையைப் பாத்தா, பேரா ஓடிக்கிட்டே இருக்கு, சந்தைக்கடை மாதிரி! அசிங்கமா இருக்கேன்னு, அன்னிக்குக் காலையில அந்த ஒரு வரியை எடுத்துட்டேன். ஒரே வரி! ஓட்டிப் பாத்தா... அடேயப்பா, என்னா வேகம்! முன்னெல்லாம் இழுத்து இழுத்து ஓடும். இப்ப சிட்டாப் பறக்குது. அதிகாரிங்களே அசந்துட்டாங்க." ஒரு கணம் நிறுத்தினான். "வேகமா ஓடாம என்ன செய்யும்? அது ஒண்ணுமே செய்யலையே!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. எபோசியின் பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

"அப்புறம்?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"அப்புறம் என்ன, கொஞ்ச நாள் கழிச்சு வாடிக்கையாளர்கள் புகார் பண்ணாங்க. பாடம் கத்துக்கிட்டோம்."

எபோசி நாட்களை எண்ணிப் பார்த்தாள். அன்று காலை அவள் வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் காய்ச்சலோடு துடைத்தபோது அந்த வரி அங்கே இருந்திருக்கவே இல்லை. இல்லாத ஒன்றை அழித்ததாக நம்பி இத்தனை வருஷம் படுக்கையில் புரண்டிருக்கிறாள். கை தானாக உயர்ந்தது. ஒரு பெண் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வாடிக்கையாளர் என்ன புகார் பண்ணாங்க, சார்?"

குரலை அவன் அடையாளம் கண்டுகொண்டான். வெளிச்சத்துக்கு எதிராகக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான்.

"அது... செய்தி வரலைன்னு."

"யாருக்கு வரல? பேர் ஞாபகம் இருக்கா?"

அவன் தண்ணீர் குடித்தான். "நேரம் ஆயிடுச்சு, அடுத்த கேள்விக்குப் போகலாம்," என்று கூட்டத்தை நடத்துகிறவர் சொன்னார்.

அரங்கத்துக்குப் பின்னால், கார்கள் நிற்கிற இடத்தில், அவன் அவளைத் தேடிக்கொண்டு வந்தான்.

"எபோசி, நான் நினைச்சேன்... உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"எப்படித் தெரியும்?"

"கொஞ்சம் யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கவே இல்லையே. கூட்டத்துல நீயா எழுந்து நான்தான்னு நின்னுட்டே. ரெண்டு பேரும் மூழ்கி என்ன பிரயோஜனம்னு..."

"நீ கணினி முன்னாடி உக்காந்திருந்தியே அன்னிக்கு. 'நீ துடைச்சேல்ல'ன்னு சொன்னியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

அவன் காரின் கதவைப் பார்த்தான். "தெரியும்."

"அன்னிக்குச் சாயங்காலம் நான் உன் காலடியில உக்காந்து அழுதேன். நீ என்னை மன்னிச்சே, லியோங்கா." அவள் குரல் உயரவே இல்லை. "எதுக்குடா மன்னிச்சே?"

டுவாலாவில் வேலை வாங்கித் தருகிறேன் என்றான். தன் நம்பர் அச்சடித்த அட்டையை அவள் கையில் வைத்தான். அவள் ஒன்றுதான் கேட்டாள்: என்ஜேமாவிடம் வந்து அவன் வாயால் சொல்லவேண்டும். சனிக்கிழமை வருகிறேன், லிம்பே பேருந்து நிறுத்தத்தில் நில், சேர்ந்து போகலாம் என்றான். கண்ணில் நீர் கூட வந்தது அவனுக்கு.

சனிக்கிழமை அவள் மதியம் வரை நின்றாள். அவன் வரவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. தனியாகவே வோவியாவுக்கு நடந்தாள்.

என்ஜேமா புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு, "இத்தனை வருஷம் கழிச்சு இன்னொருத்தன் தலையில தூக்கி வைக்கிறியா?" என்றாள்.

எபோசி இதை எதிர்பார்த்திருக்கவில்லை. பொய்யை ஊர் ஒரே நாளில் நம்பியது. உண்மைக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் பேருந்து நிறுத்தத்துக்கு வரவில்லை.

"அவன் நம்பரைக் குடு," என்றாள் என்ஜேமா. எபோசி அட்டையை நீட்டினாள். என்ஜேமா கையைக் கபாவில் துடைத்துக்கொண்டு தன் போனில் அடித்தாள். எபோசியின் நம்பர் இல்லை என்பதால் அவன் உடனே எடுத்தான்.

"யாரு பேசறது?"

"நான் மொசோக்கே பொண்டாட்டி. வோவியாவிலேருந்து."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. என்ஜேமா காத்திருந்தாள். அவன் மறுக்கலாம், திட்டலாம், யார் அந்த மொசோக்கே என்று கேட்கலாம். எதுவும் இல்லை. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

என்ஜேமா போனை மடியில் வைத்தாள். "நிரபராதி இப்படிப் போனை வைக்கமாட்டான்," என்றாள். சற்றுப் பொறுத்து எபோசியைப் பார்த்தாள். "ஏண்டி, படிச்சவதானே நீ? அவன் சொன்னான்னு எப்படி அப்படியே நம்பினே?"

"வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன், மா," என்றாள் எபோசி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. என்ஜேமா தடுக்கவில்லை. எழுந்துபோய்ப் புகை அவள் பக்கம் வராதபடி தட்டியைச் சாய்த்து வைத்தாள்.

விஷயம் கரையோரத்தில் பரவியது; அங்கே நம்பினார்கள். பூயாவில் அவ்வளவாக ஏறவில்லை. லியோங்கா பெரிய மனிதன், தொலைக்காட்சியில் வருகிறவன். அவன் இப்போதும் மேடைகளில் பேசுகிறான். அந்த ஒரு கதையை மட்டும் விட்டுவிட்டான் என்கிறார்கள்.

இந்த மழைக்காலத்துக்கு முன்னால் பா எவாக்கிசே பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். தடி ஊன்றி நடக்கிறார் இப்போது. அன்றைக்குக் கூட்டத்தில் அவளைத் தனியாக நிற்கவிட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார்.

"மறுபடி அந்த எச்சரிக்கை வேணும் மகளே. பசங்க கேக்கிறாங்க. நீயே எழுதிக் குடு. உன்மேல எங்களுக்கு இப்ப ஒரு குறையும் இல்ல."

எபோசி கொஞ்சநேரம் சாலையைப் பார்த்தாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"எழுதறது பெரிய காரியமில்ல, பா. ஆனா இது உயிர் சம்பந்தப்பட்டது. நான் எழுதினதை இன்னொரு ஆள் உக்காந்து பாக்கணும். அப்படி ஒரு ஆள் கையில குடுத்துட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கணும்." கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டாள். "அது என்னால இனிமே முடியாது."

கிழவர் வாதாடவில்லை. "அஷியா, மகளே," என்று சொல்லிவிட்டு டாக்சி நிற்கிற பக்கம் மெல்ல நடந்தார். அவர் ஏறிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எபோசி வகுப்புக்குத் திரும்பினாள்.